பத்து எண்ணாமல் வந்த கரண்ட்

கொம்பியூட்டரைப் போட்டதும் திரையில் முதலில் ஒரு படம் வரும். கம்பனியின் சின்னமோ பெயரோ ஏதோ ஒன்று. பிறகு ஒரு கணம் திரை இருட்டாகும். அதன் பிறகுதான் நீங்கள் வேலை செய்யும் படம் வரும். நடுவில் வந்துபோகும் அந்த இருட்டை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு கணத்து இருட்டுதான் எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது. அதை இல்லாமல் செய்வதுதான் என் வேலை.

என் பெயர் பெர்னதெத். ரத்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் வேலை செய்து, ஓய்வு பெற்று மறுபடியும் ரத்தோட்டைக்கே வந்து சேர்ந்தவள். இப்போது என் பழைய ஒபிஸில் இருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது போன் எடுக்கிறார்கள். "மிஸ், புது சிப் எல்லாம் தானாவே சுத்தமா தொடங்குது. நாம எதுக்கு ஒவ்வொரு தடவையும் இவ்வளவு வாசிச்சுக்கிட்டு இருக்கோம்? அந்தப் பகுதியத் தூக்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் பதில் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தற்பெருமை அடிக்கிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைப்பட எனக்கு விஷயம் இருக்கிறது.

படித்தது, வேலை தேடியது, கொழும்பில் ஒரே அறையில் நாலு பெண்பிள்ளைகள் நெருக்கியடித்துக் கிடந்தது எல்லாம் எல்லாருக்கும் உள்ள கதைதான். அதை விட்டுவிடுகிறேன். திரைக்குப் படம் அனுப்பும் சிப்பைக் கொம்பியூட்டரோடு பேச வைக்கும் மென்பொருளுக்கு ட்ரைவர் என்று பெயர். நான் எழுதியது அதைத்தான். மெஷின் உயிர் பெறும்போது ட்ரைவர் முதலில் வருவதில்லை. போர்டிலேயே பதிந்திருக்கும் வேறொரு சின்ன மென்பொருள் வந்து திரையைப் பற்றவைத்து, முதல் படத்தைப் போட்டுவிடும். பிறகுதான் ட்ரைவர் வந்து பொறுப்பை ஏற்கும். ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் ஸ்டியரிங்கை, வண்டியை நிறுத்தாமலே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதைப் போன்றது அது. பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஸ்டார்ட் செய்வார்கள். நான் சொன்ன இருட்டு அப்போது வருவதுதான்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் என் மேலதிகாரி விந்தியா. காலிப் பக்கத்துச் சிங்களப் பெண், என்னைவிட வயதில் இளையவர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அக்கா, அக்கா என்று பாசமாகக் கூப்பிட்டுக்கொண்டே நான் எழுதியதைத் திருப்பித் திருப்பி அனுப்புவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாருடைய மேசைக்கு வந்தாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முதலில் அது அதிகாரத் தோரணை என்று நினைத்து எரிச்சல்பட்டேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. மேசையில் ஒரு போர்டு பழுதாகிக் கிடந்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வயரை ஆட்டுவோம், ஒரு பட்டனை அமுக்குவோம். "தொட்டா நிலைமை மாறிடும் அக்கா. முதல்ல அது எப்படி இருக்குன்னு பாத்துக்குவோம்" என்பார். தன் கை தன்னை மீறிவிடக் கூடாது என்றுதான் அவர் அதைப் பின்னால் கட்டி வைத்திருந்தார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் அங்கே சேர்ந்த புதிதில், ட்ரைவரின் முதல் வரியில் சிப்பின் கடிகாரத்தை ஓட வைக்கும் கட்டளையை எழுதியிருந்தேன். சிப்புக்குள் ஒரு கடிகாரம் ஓடும். அதன் தாளத்தில்தான் படம் வரி வரியாகத் திரைக்குப் போகும்.

"கடிகாரம் இப்ப நிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"இப்பதானே மெஷின் தொடங்குது. எல்லாம் ஓஃப்லதானே இருக்கும்?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து லைட்டப் போட்டுட்டுப் போயிருக்காரே. எதப் போட்டாரு, எத விட்டாருன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக வாசித்துப் பார்த்தேன். கடிகாரம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வாசிப்பதே எனக்குப் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்ற சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண். திரை இருக்கும் முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாசித்துக்கொண்டு போவேன். எந்த வயரில் திரை மாட்டியிருக்கிறது? அந்த வயருக்குப் படத்தை அனுப்பும் வழி எது, அது திறந்திருக்கிறதா? அதை ஓட்டும் கடிகாரம் எது? கடைசியாக, படம் மெமரியில் எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது? எல்லா எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தினால், முன்னால் வந்தவர் ஒழுங்கானவர்; அவர் வைத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு தொடரலாம். ஒன்று சொல்வதற்கும் மற்றது சொல்வதற்கும் ஒத்துவராவிட்டால் ஒழுங்காகக் கலைக்க வேண்டும். முதலில் படம் எடுப்பதை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் கடைசி வரி போகும்வரை காத்திருந்து, பிறகு வழியை மூடி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கடிகாரத்தில் கைவைக்க வேண்டும். படம் ஓடும்போதே கடிகாரத்தில் கைவைத்தால் சிப் அப்படியே உறைந்துபோகும். பிறகு பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு.

ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, ரயில் நிலையங்களில் நேரம் காட்டும் பலகைகளுக்காக நான் எழுதிய ட்ரைவரை முதன்முதலாக எல்லாருக்கும் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மெஷினைப் போட்டேன். முதல் படம் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "மெஷின் நின்னுடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "இல்ல, ட்ரைவர் வந்து பொறுப்பெடுத்து வேலையும் தொடங்கியாச்சு" என்றேன். ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஒன்றும் நடக்காததற்குக் கைதட்டிய கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். விந்தியா கையைப் பின்னாலிருந்து எடுத்துத் தட்டினார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

விந்தியா போட்ட இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். சோதனை அறையில் போர்டை அணைத்தால் உடனே திரும்பப் போடக் கூடாது. பத்துவரை எண்ண வேண்டும். போர்டில் கபாசிட்டர்கள் இருக்கின்றன. கரண்ட் போன பிறகும் அவை கொஞ்ச நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அது வடிந்து போனால்தான் ஒவ்வொரு சோதனையும் சுத்தமாகத் தொடங்கும். நியாயமான சட்டம், எந்தக் குறையும் சொல்ல முடியாது. சுவரில் எழுதி ஒட்டியும் இருந்தார். நாங்கள் எல்லாரும் அணைத்துவிட்டு உதடு அசைய எண்ணுவோம். புதிதாக யாராவது வந்து பார்த்தால் முழு அறையும் ஜெபமாலை சொல்வதாக நினைப்பார்கள். வருஷக்கணக்கில் பழகியதில், வீட்டில் மின்விசிறியை அணைத்தால்கூட என் உதடு எண்ணத் தொடங்கிவிடும்.

இனி லக்கல விஷயத்துக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் நான் மார்தட்டிச் சொல்லும் விஷயம் இதுதான்.

நோய்த்தொற்றுக் காலத்தில் ஒபிஸை மூடியதும் நான் ரத்தோட்டை வீட்டுக்கு வந்து, பிறகு அங்கிருந்தபடியே வேலை செய்தேன். நாடு முழுக்க நேரம் போட்டுக் கரண்ட் வெட்டிய நாட்கள் அதைத் தொடர்ந்து வந்தன. அப்போது உள்ளூர் நிறுவனம் ஒன்று, யானைகள் ஊருக்குள் வராமல் தடுக்கும் மின்சார வேலிகளுக்கு ஒரு பெட்டி செய்திருந்தது. வேலியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் கம்பி அறுந்திருக்கிறது என்று அந்தப் பெட்டியின் திரை காட்டும். திரைக்கு ட்ரைவர் எழுதிக் கொடுத்தது நாங்கள். விலை குறைந்த சிப். முதல் படம் போடும் வேலையெல்லாம் அதில் கிடையாது. எங்களுக்கு முன்னால் அந்தத் திரையை யாரும் தொடுவதில்லை. அதனால் வாசிப்பது அவசியமில்லை என்று முடிவு செய்திருந்தோம். விந்தியா வழக்கம்போல எப்படித் தெரியும் என்று கேட்டார். நூறு தடவை போட்டுப் பார்த்து, நூறு தடவையும் எல்லா அறைகளிலும் பூஜ்யம் இருப்பதைக் காட்டினோம். அவரும் சரி என்றார்.

மற்ற இடங்களில் பெட்டி நன்றாக வேலை செய்தது. லக்கலயில் மட்டும் அடிக்கடி திரை செத்துப்போனது. டெக்னீஷியன் போய், பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மாட்டுவார். திரை வந்துவிடும். பழுது இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். அடுத்த கரண்ட் வெட்டோடு மறுபடியும் செத்துப்போகும். பெட்டியைக் கொழும்பு ஒபிஸுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தோம். போட்டோம், அணைத்தோம், போட்டோம், அணைத்தோம். ஒரு தடவைகூடச் சாகவில்லை, திருப்பி அனுப்பிவிட்டோம். கடைசியில் அந்த நிறுவனம் லக்கலயிலிருந்து பெட்டியை எடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டது. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் என் ட்ரைவர் சாகிறது, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பதா? விடிந்ததும் பஸ் ஏறினேன்.

பெட்டி இருந்தது ஒரு சின்னப் பலசரக்குக் கடையை ஒட்டிய அறையில். கடையை நடத்தியவர் பரீனா. அவருடைய கணவர் நசீர்தான் வேலிக் காவல்காரர். மாத்தளை டவுனிலிருந்து வந்து அங்கே காணி செய்கிற முஸ்லிம் குடும்பம். நான் இன்னார் என்று சொன்னதும் பரீனா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களாச்சும் பிளக்கப் புடுங்காம பாருங்க மிஸ். வர்றவங்க எல்லாரும் அதத்தான் செய்யுறாங்க."

"நான் எதையும் தொட மாட்டேன். பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"பொட்டி செத்துட்டா இவரு நடக்கணும் மிஸ். கம்பி எங்க அறுந்து ஈக்குதுன்னு பாக்க, குளத்தச் சுத்திப் போற வேலி முழுக்க நடக்கணும். யானைய வெரட்டக் கையில நாலு வெடி, ஒரு டோர்ச், அவ்வளவுதான். முன்னாடி இருந்தவரு அப்படி நடந்துதான் யானைகிட்ட மாட்டுனாரு. இடுப்பு ஒடஞ்சு வீட்டுல படுத்து ஈக்காரு."

நசீர் வாசலில் நின்று சிரித்தார். "அவ கெடக்குறா மிஸ். எனக்குப் பழகிப் போச்சு."

"ஒங்களுக்குப் பழகிப் போச்சு. யானைக்குப் பழகிப் போச்சா?" என்றார் பரீனா. நசீரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அதுவரை எனக்கு அது என் ட்ரைவரின் மானம். அந்தப் பேச்சுக்குப் பிறகு அது நசீரின் உயிர். பெட்டியை எடுத்துவிட்டால் அவர் தினமும் நடக்க வேண்டும். எடுக்காமல் இப்படியே விட்டால், கரண்ட் வரும் போதெல்லாம் நடக்க வேண்டும். அங்கே கம்பிக்கும் பெட்டிக்கும் ஒரே லைன். கரண்ட் போனால் கம்பியில் ஒன்றுமில்லை என்பதை யானைகள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன. அதனால் கரண்ட் திரும்பி வரும் நேரம்தான் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிய வேண்டிய நேரம். திரை செத்துப்போவதும் அதே நேரம்தான்.

பெட்டியின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். விந்தியாவைப் போலக் கையைக் கட்டிக்கொண்டேன் என்றும் சொல்ல வேண்டும். மதியம் போன கரண்ட் பின்னேரம் வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, தடுமாறிக்கொண்டு வந்தது. கடை பல்ப் எரிந்தது, அணைந்தது, உடனே திரும்ப எரிந்தது. எங்கேயோ தூரத்திலிருந்து காட்டுக்குள்ளால் இழுத்து வந்த லைன். அதன் குணம் அப்படி. பல்ப் அணைந்த அந்த நேரத்தில், பழக்கதோஷத்தில் என் உதடு எண்ணத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு என்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல உறைத்தது. லக்கல கரண்ட் பத்து எண்ணுவதில்லை!

சிப்பின் பக்கத்திலிருந்த சின்னப் பச்சை விளக்கை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது மங்கியதே தவிர அணையவில்லை. கரண்ட் தடுமாறியபோது பெட்டியின் மூளை செத்துப் பிழைத்துவிட்டது. ஆனால் திரையின் சிப் கபாசிட்டரில் இருந்த கரண்டிலேயே சாகாமல் இருந்துவிட்டது. மூளை புதிதாகத் தொடங்குகிறது, சிப்போ பழைய வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. எங்கள் ட்ரைவர் வந்து, எல்லாம் ஓஃபில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கடிகாரத்தில் கைவைக்கிறது. அதோடு சிப் உறைந்துவிடுகிறது. டெக்னீஷியன் வந்து பிளக்கைப் பிடுங்கிப் பொறுத்து மாட்டுகிறார், எல்லாம் சரியாகிவிடுகிறது. நாங்கள் கொழும்பில் பத்து எண்ணி எண்ணிச் சோதிக்கிறோம். எங்கள் நல்ல பழக்கமே பழுதை எங்கள் கண்ணில் படாமல் துடைத்துக்கொண்டிருந்தது.

நினைத்தால் போதாது, வாசிக்க வேண்டும். அன்று இரவு அங்கேயே தங்கி, மறுநாள் கரண்ட் வருவதற்கு முன்பே என் லப்டொப்பைப் பெட்டியோடு பொருத்தி, ட்ரைவர் எழும்பாதபடி நிறுத்தி வைத்தேன். கரண்ட் வழக்கம்போலத் தடுமாறிக்கொண்டு வந்தது. அறை அறையாக வாசித்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடமெல்லாம் எண்கள். கடிகாரம் ஓடுகிறது, வழி திறந்திருக்கிறது, படம் மெமரியின் ஓர் இடத்திலிருந்து எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். என் ட்ரைவர் எழுதும் எண்கள் அவை. எங்களுக்கு முன்னால் யாரும் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, முன்னால் வந்திருந்தது நாங்களேதான்.

என் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் குளக்கட்டு மட்டும்தான். ஓடிப்போய் ஏறி நின்று விந்தியாவுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"வாசிச்சேன். எண்ணெல்லாம் அனுப்பியிருக்கேன். பாருங்க."

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது. 

"பத்து எண்ணுற சட்டம் நான் போட்டது" என்றார்.

"நல்ல சட்டந்தான். ஆனா லக்கலக்கு அது தெரியாதே."

விந்தியா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மறுநாள் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். "பிறகு ஒரு தடவை எண்ணாமலும் போடு." இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன். முழுச் சிப்பையும் ஒரே அடியாக ரீசெட் செய்துவிட்டால் என்ன என்று ஒபிஸில் கேட்டார்கள். அதுவும் கடிகாரத்தை முதலில் நிறுத்தும் வேலைதான், உறைந்துதான் போகும். விலை குறைந்த சிப் என்பதற்காக மரியாதை குறைக்க முடியாது. பெரிய சிப்புக்குச் செய்கிற அதே வாசிப்பு, அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பழைய படம் இருந்த மெமரி, மூளையின் புதிய பிறப்பில் வேறு ஏதோ வேலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். அதனால் இங்கே எண்கள் அழகாகப் பொருந்தினாலும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. நம் கையெழுத்தாக இருந்தாலும் நம்பாமல், ஒழுங்காகக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். எழுதி முடித்ததும், மேசையில் ஒரு போர்டை வைத்து, எண்ணாமல் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். வருஷக்கணக்கான பழக்கத்தை மீறுவது லேசான காரியமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தேன். "என்னா இது, சின்னப் புள்ள மாதிரி சுவிட்சோட வெளையாட்டு?" என்று என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போர்டு ஒரு தடவைகூட உறையவில்லை.

விந்தியாவுக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்புவார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வரி வந்தது. "அக்கா, இதுல கேக்க ஒண்ணும் இல்ல." எனக்குக் கிடைத்த பரிசு, பாராட்டுப் பலகை எல்லாம் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அந்த வரியை மட்டும் போனில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, புது சிப் சுத்தமாகத் தொடங்கும் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வாசித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பகுதியில் கைவைக்காதீர்கள். ஏன் என்பதற்கு, நான் புது ட்ரைவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் லக்கல போன நாளைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை எடுத்துச்செல்ல அந்த நிறுவனத்தின் வண்டி அடுத்த நாள் வருவதாக இருந்தது. நான் ட்ரைவரை ஏற்றி முடித்தபோதே கரண்ட் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தோம். வெயில் சாயத் தொடங்கும் நேரம். குளத்துக்கு அந்தப் பக்கம் கிளை முறியும் சத்தம் ஒன்று கேட்டது. நசீர் எழுந்து, மூலையிலிருந்த சப்பாத்தைப் போட்டுக் கயிறு கட்டத் தொடங்கினார்.

"எங்க?" என்றார் பரீனா.

"கரண்ட் வர்ற நேரம். பொட்டி செத்தா நான் ரெடியா நிக்க வேணாமா?"

 மேசையில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் மேசை வேறு, இது வேறு. கடை பல்ப் எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது. திரை இருட்டாக இருந்தது. என் வாழ்க்கை முழுக்க எந்த இருட்டை ஒழிக்கச் சம்பளம் வாங்கினேனோ, அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், கடைசி வரி போகட்டும், கடிகாரத்துக்கு இப்போதுதான் வருகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். 

திரை வந்தது.

பகுதிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. ஆறாவது மட்டும் சிவப்பாக நின்றது. கத்த வேண்டும்போல எனக்குச் சந்தோஷம். ஆனால் நசீர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"வான்கதவுக்கு இந்தப் பக்கத் திருப்பம் மிஸ். பத்தைக் காடு மறைச்சு ஈக்கும். நடந்து போனா, கிட்டப் போனாத்தான் தெரியும்."

அவர் உடனே போனை எடுத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, நேராக ஆறாம் பகுதிக்கு ட்ரக்டரில் வெடியோடு வரச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பரீனா வெளியே ஓடிக் குளக்கட்டில் ஏறினார். நானும் பின்னால் போனேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் திருப்பம் முழுவதும் தெரிந்தது. பத்தைக்குப் பின்னால், நடைபாதையை அடைத்தபடி, கன்றோடு மூன்று யானைகள் நின்றன. அசையவே இல்லை. நசீரும் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

"பொட்டி செத்திருந்தா எந்தப் பக்கத்தால நடக்கத் தொடங்கியிருப்பீங்க?" என்று பரீனா கேட்டார்.

 நசீர் கையை நீட்டி அந்தத் திருப்பத்தைக் காட்டினார்.

பிறகு அப்படியே குளக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவர் கைக்கு அகப்படவில்லை. பரீனா அவருக்கு முன்னால் குந்தி அதை அவிழ்த்துவிட்டார்.